இரண்டடிக் கதவு

திங்கள், புதன், வெள்ளி. இந்த மூன்று நாட்களையும் காலண்டரிலிருந்து கிழித்துப் போட முடியும் என்றால் ரசமட்டம் தன் கைகளில் ஒன்றைக் கொடுத்துவிடுவான். கால்களைத் தரலாமே என்றால், அவை இருந்தும் இல்லாமல் போய் இரண்டு வருடம் ஆகிறது.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. கட்டட வேலைக்காரர்கள் வைத்த பெயர்தான் அவனிடம் ஒட்டிக்கொண்டது. தரையில் டைல் பதித்துவிட்டு, ரசமட்டம் என்கிற குமிழி வைத்த கருவியை யாரும் தேட வேண்டியதில்லை. இவன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் போதும், எந்த மூலை நூலளவு தூக்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவான். அப்படிப்பட்டவன் இருபத்து மூன்றாம் வயதில் சாரம் சரிந்து, கீழே அடுக்கியிருந்த செங்கல்மேல் மல்லாக்க விழுந்தான். முதுகுத் தண்டுவடம் நசுங்கியது. தொப்புளுக்குக் கீழே சூடு தெரியாது, குளிர் தெரியாது, சிறுநீர் முட்டுவது தெரியாது, மலம் இறங்குவதும் தெரியாது.

அந்த மூன்று நாட்களும் காலை ஆறரை மணிக்கு அம்மா ஜன்னலைச் சாத்துவாள். ரப்பர் விரிப்பைக் கட்டிலில் போடுவாள். அவனை இடப்பக்கமாகப் புரட்டி, கையுறை மாட்டி, விரலில் களிம்பைத் தடவிக்கொள்வாள். தானாக வராத மலத்தை எடுத்துவிட்டுக் கழுவுவாள். பெற்ற தாய் கைக்குழந்தைக்குச் செய்வதுதான். ஆனால் குழந்தைக்கு மீசை இருக்காது. கட்டில் ஓரமாக முகத்தை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி அவன் கிடப்பான். அம்மாவால் சும்மா செய்ய முடியாது. அந்த முக்கால் மணி நேரமும் பேசிக்கொண்டே இருப்பாள்.

"எதிர்வீட்டுக்காரி மறுபடியும் பால்காரன்கிட்ட சண்டை. தண்ணி கலக்கறானாம். அவ காப்பியைக் குடிச்சுப் பாத்திருக்கியா நீ? அந்தக் காப்பிக்குத் தண்ணியே மேல்."

"அம்மா, பேசாம பண்ணு."

"பேசினா உனக்கென்னடா? பேசலைன்னா எனக்கு முடியாது."

அது அவனுக்கும் புரியும். புரிந்து என்ன செய்வது? நாற்றம் அவன் மூக்குக்கும் வரும். தன் உடம்பிலிருந்து என்ன போகிறது என்று மூக்கால் மட்டுமே தெரிந்துகொள்கிற பிழைப்பு அவனுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அம்மாமீது ஒரு நன்றியும் அதே அளவுக்கு ஓர் அருவருப்பும் இருந்தன. அந்த அருவருப்பை நினைத்துத் தன்மீதே இன்னொரு அருவருப்பு.

மறுவாழ்வு வார்டில் இருந்த இரண்டு மாதம் இப்படி இல்லை. அங்கே நடுவில் ஓட்டை வைத்த சக்கர நாற்காலி ஒன்று கொடுத்திருந்தார்கள். கட்டிலிலிருந்து கைகளை ஊன்றி அதில் மாறிக்கொண்டு, அகலமான கதவு வழியாக பாத்ரூமுக்குள் போய், பக்கவாட்டில் சாய்ந்து, தானே கையுறை மாட்டித் தன் வேலையைத் தானே முடித்துவிடுவான். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை டியூப் விட்டுச் சிறுநீரை எடுக்கவும் அங்கேதான் கற்றுக்கொண்டான். வீட்டுக்கு அனுப்பும்போது அந்த நாற்காலியையும் கொடுத்துத்தான் அனுப்பினார்கள். நாற்காலியின் அகலம் இருபத்தாறு அங்குலம். வீட்டு பாத்ரூம் கதவு இரண்டடி.

இரண்டு அங்குலம்தான் இடித்தது. இதில் காறித் துப்ப வேண்டிய விஷயம் என்னவென்றால், அந்த வீட்டைத் தன் கையால் கட்டியவர் அவனுடைய அப்பா. கொத்தனார். எத்தனையோ வீடுகளுக்கு நிலை வைத்த கை. நாலரை அங்குலத் தடுப்புச் சுவரை உடைத்துக் கதவை அகலமாக்குவது அவருக்கு அரை நாள் வேலை. முதல் தடவை கேட்டபோது, "கதவுக்கு மேல இருக்கற லிண்டல் தாங்காது" என்றார்.

"அது மேல என்ன மாடியாப்பா இருக்கு? நாலு வரி செங்கல். பழசை எடுத்துட்டு நீளமா ஒண்ணு வெச்சா முடிஞ்சுது."

"நீ எனக்குச் சொல்லித் தர்றியா?"

இரண்டாம் தடவை மழை விடட்டும் என்றார். மழை விட்டது, மறுபடி வந்தது, மறுபடியும் விட்டது. மூன்றாம் தடவைதான் உண்மையைச் சொன்னார்.

"அந்தச் சுவத்துல உளி வெச்சா, நீ நடக்கவே மாட்டேன்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரிடா. என்னால முடியாது."

கதவுக்குக் கை வராதவருக்குக் கூடத்தின் நடுவே இரண்டு இரும்புக் குழாய்களை இடுப்பு உயரத்தில் நட்டு சிமென்ட் போட்டுப் பூச மட்டும் கை வந்தது. வீட்டுக்குள் வருகிறவர்கள் எல்லாரும் அதில் இடித்துக்கொண்டுதான் வருவார்கள். தினமும் காலையிலும் மாலையிலும் கால்கள் மடங்காமல் பிடிக்கிற இரும்புக் கேலிப்பரை மாட்டி, வார்ப்பட்டையை இழுத்துக் கட்டி, மகனை அந்தக் குழாய்களுக்கு நடுவே நிறுத்துவார். கொத்தனாருக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான். தளம் போட்டால் முட்டுக் கொடுத்து, பலகை அடித்து, ஆடாமல் அசையாமல் வைத்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தால் இறுகிவிடும். நாள் கணக்கு மட்டும்தான் முக்கியம். மகனுடைய கால்களையும் அவர் சென்ட்ரிங் அடித்து வைத்திருந்தார். இரண்டு வருடமாக இறுகாத தளத்தை எந்தக் கொத்தனாராவது இடித்துப் போடாமல் இருப்பானா என்று ரசமட்டம் கேட்க நினைத்ததுண்டு. கேட்டதில்லை.

நிற்பது கெட்டதில்லை என்று வார்டிலும் சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனால் அங்கே கேலிப்பரைக் கழற்றியதும் தோலைக் கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். இங்கே அப்பா கழற்றியதும் சுவரில் கரியால் நிமிடக் கணக்கைக் கோடு போடுவார். கோடுகள் பெருகிக்கொண்டே போனதில் அவருக்கு ஒரு திருப்தி.

பார்க்க வருகிற ஜனங்கள் தனி ரகம். யார் வந்தாலும் முதலில் அவன் கால் கட்டைவிரலைக் கிள்ளுவார்கள். "தெரியுதா?" என்பார்கள். தெரியவில்லை என்றால் இன்னும் அழுத்திக் கிள்ளுவார்கள், ஏதோ இவன் வேண்டுமென்றே சொல்லாமல் இருப்பதுபோல. ஒருவர் வண்டிச் சாவியால் உள்ளங்காலைக் கீறினார். தண்டுவடம் போனவனின் கால் சில சமயம் தானாக வெட்டி இழுக்கும். அது வெறும் இழுப்பு. அப்படி இழுத்தால் போதும், கூடியிருப்பவர்கள் முகத்தில் பல்ப் எரியும்.

இந்தக் கூட்டத்துக்குத் தலைவர் தாய்மாமா. லாரி புரோக்கர். வாரம் தவறாமல் வருவார். வரும்போதெல்லாம் யாரோ எங்கேயோ எழுந்து நடந்த கதையைக் கொண்டுவருவார். கால் இழுத்தால், "அசையுது மச்சான்! பாத்தீங்களா, அசையுது!" என்று கத்துவார். அப்பா உடனே கேலிப்பரை எடுப்பார்.

விருந்தாளி வருகிறார்கள் என்றால் ரசமட்டம் முந்தின நாள் மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவான். நிறுத்தினால் கசியாது. மூன்றாம் நாள் சிறுநீர் கலங்கி, குளிர்க் காய்ச்சல் வந்து பற்கள் கிட்டும். அந்த வருடம் மட்டும் நாலு தடவை வந்துவிட்டது. வேட்டி நனைவதைவிடக் காய்ச்சல் மரியாதையானது என்று அவன் முடிவு செய்திருந்தான்.

அந்தப் புதன்கிழமை வார்டு நர்ஸ் வருவதாகச் சொல்லியிருந்தார். வீட்டுக்குப் போன இளவயதுப் பையன்களையும் பெண்களையும் நேரில் பார்த்து, அவர்களுக்கு உடம்பிலும் வாழ்க்கையிலும் எது முதலில் வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு போகிறார்கள். அடுத்து யாருக்கு எதைக் கற்றுக்கொடுப்பது என்று பார்க்க. அம்மா ஆறரை மணிக்கு ஜன்னலைச் சாத்தப் போனாள்.

"இன்னிக்கு வேணாம்" என்றார் அப்பா. "ஒன்பது மணிக்கு அந்தம்மா வருது. வர்றப்போ இவன் நின்னுட்டு இருக்கணும். இப்பவே ஆரம்பிச்சு ரெண்டு மூணு தடவை நின்னு பழகணும்."

"இன்னிக்கு முறை நாளுப்பா. தள்ளிப் போடக் கூடாது."

"ஒரு நாள் தள்ளினா என்னடா குடி முழுகிடும்? நாளைக்குப் பண்ணிக்கலாம்."

"நீங்களா பண்றீங்க? அம்மாதானே பண்றா. அவளைக் கேளுங்க."

அம்மா யாரையும் பார்க்காமல் விரிப்பை மடித்து வைத்தாள். அவள் ஒரு காலையாவது ஓய்வு கிடைத்தது என்று நினைத்தாளோ என்னவோ. எட்டரைக்கு மாமாவும் வந்து சேர்ந்தார். ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, அதில் மூன்றை உரித்து மருமகன் வாயில் திணித்தார்.

"சாப்பிடு மாப்ளே. தெம்பா நிக்கணும். வர்ற நர்ஸு அசந்து போகணும்."

நர்ஸ் ஒன்பதே காலுக்கு வந்தார். ஐம்பது வயசிருக்கும். குழாயில் இடித்துக்கொண்டார், இடுப்பைத் தடவிக்கொண்டார். ரசமட்டம் கேலிப்பரில் நின்றுகொண்டிருந்தான். பின்னால் அப்பா அவன் இடுப்புப் பட்டையைப் பிடித்திருந்தார். இல்லாத மீசையை முறுக்குகிற தோரணையில் மாமா பக்கத்தில் நின்றார்.

"எப்படி சிஸ்டர்?" என்றார் அப்பா. "நாப்பது நிமிஷம் நிக்கறான்."

"நல்லது. எப்படி இருக்கே தம்பி? காய்ச்சல் ஏதாவது வருதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றார் அப்பா.

"அவர் சொல்லட்டுங்க. உங்க காய்ச்சலைப் பத்தி நான் கேக்கலை." ஸ்டூலில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "இதுல பத்து விஷயம் இருக்கு தம்பி. எது முதல்ல வேணுமோ அதுக்கு ஒண்ணு, அடுத்ததுக்கு ரெண்டு. அப்படியே நம்பர் போட்டுக்கிட்டு வரணும். நான் படிக்கிறேன், நீ சொல்லு."

"ஒண்ணு, நடக்கறது" என்றார் மாமா. "எழுதிக்கோங்க சிஸ்டர். இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"ஆமா, நடக்கறது" என்றார் அப்பா.

நர்ஸ் பேனாவை மூடினார். ரசமட்டத்தின் முகத்தைப் பார்த்தார். அவனுக்குச் சொல்ல வேண்டியது நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அதை எப்படிச் சொல்வது? மாமா இருக்கிறார். அம்மா அடுப்படி வாசலில் நிற்கிறாள். இருபத்தைந்து வயது ஆம்பிளை, எனக்கு முதலில் வேண்டியது கக்கூஸ் என்று வாய்விட்டுச் சொல்வதா? அவன் குழாயை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

அப்போது இடது கால் வெட்டி இழுத்தது.

"அசையுது மச்சான்!" என்று கத்தினார் மாமா. "சிஸ்டர், பாருங்க! அசையுது!"

வயிறும் சேர்ந்து இழுத்தது. ரசமட்டத்துக்கு ஒன்றும் தெரியவில்லை. முதலில் தெரிந்தது அவன் மூக்குக்கு. அதற்குப் பிறகு மாமாவின் முகம் மாறியதைப் பார்த்தான். குனிந்தான். கேலிப்பரின் இரும்புக் கம்பி வழியாக, வார்ப்பட்டைகளைத் தாண்டி, அது அவனுடைய காலில் இறங்கிக்கொண்டிருந்தது. தரையில் விழுந்தது. மாமாவின் செருப்பிலும் தெறித்தது.

மாமா கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு ஒரே பாய்ச்சலில் தெருவுக்குப் போய்விட்டார். வாரா வாரம் உயிரை விட்டுவிடுவேன் மாப்ளே உனக்காக என்று சொல்கிற மனுஷன். உயிர் இருக்கட்டும், செருப்பைக்கூட விட மனசில்லை. தெருக் குழாயில் அதைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிற சத்தம் உள்ளே கேட்டது.

அப்பா இடுப்புப் பட்டையை விடவில்லை. முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார்:

"ஏய், வந்து துடை. துடைச்சிட்டு ஆரம்பிக்கலாம். இன்னும் பத்து நிமிஷம் பாக்கி இருக்கு."

அம்மா வந்தாள். கையில் கையுறைகள் இருந்தன. அவனிடம் போகவில்லை. நேராக அப்பாவிடம் போய் நீட்டினாள்.

"இன்னிக்கு நீங்க."

"என்ன?"

"ரெண்டு வருஷம் நான் பண்ணிட்டேன். இந்த ரெண்டு வருஷமும் அந்த நேரத்துக்கு நீங்க தெருவுல நின்னு பல்லு வெளக்குனீங்க. நாள் தள்ளச் சொன்னது நீங்கதானே? நீங்களே பண்ணுங்க."

"நான் பண்றேம்மா" என்று எழுந்தார் நர்ஸ்.

"உட்காருங்க சிஸ்டர். உங்களுக்குக் கோடிப் புண்ணியம். இவர் பண்ணட்டும்."

நர்ஸும் அப்பாவும் சேர்ந்து அவனைக் கட்டிலுக்கு மாற்றினார்கள். அப்பா கையுறை மாட்டினார். சுண்ணாம்பும் சிமென்டும் தின்று காய்த்துப்போன கை அது. கையுறை இரண்டு தடவை கிழிந்தது. மூன்றாவது ஜோடியை அம்மா கொடுத்தாள். அவர் துணியை நனைத்துத் துடைக்க ஆரம்பித்தார். தொடையைத் துடைக்கும்போது ஓங்கரித்தார். அடக்கிக்கொண்டார். மறுபடியும் ஓங்கரித்தது. இந்தத் தடவை அடங்கவில்லை, முற்றத்துக்கு ஓடினார். வாந்தி எடுக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ரசமட்டம் கிடந்தான். அவனுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. நன்றாக எடுக்கட்டும் என்று மட்டும் தோன்றியது.

வாயைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தவரை நர்ஸ் கூப்பிட்டார்.

"இதைப் பாருங்க."

வலது தொடையின் பின்பக்கம், வார்ப்பட்டை கட்டுகிற இடத்தில், தோல் உரிந்து சதை தெரிந்தது. விளிம்பு கறுத்திருந்தது. பட்டையிலேயே சீழ் காய்ந்து ஒட்டியிருந்தது.

"எத்தனை நாளா இருக்கு?"

யாருக்கும் தெரியவில்லை. அம்மாவின் கண் இடுப்போடு நின்றுவிடும். அவனுக்கு அந்த இடம் எட்டாது. கண்ணாடியை எடுத்துப் பார்த்து எத்தனை நாளாகிவிட்டது.

"நான் தினமும் துணி வெச்சுத்தான் கட்டறேன் சிஸ்டர்" என்றார் அப்பா.

"கட்டினீங்க. கழட்டினப்புறம் பாத்தீங்களா? இது எலும்பு வரைக்கும் போனா உயிருக்கே ஆபத்து. இந்தப் புண்ணு ஆறுற வரைக்கும் கேலிப்பரைக் கையால தொடக் கூடாது."

நர்ஸ் மருந்து வைத்துக் கட்டினார். மிச்சத்தை அப்பா துடைத்து முடித்தார். ஓங்கரித்துக்கொண்டேதான் துடைத்தார், ஆனால் முடித்தார். முடித்துவிட்டு, கையுறையைக் கழற்றக்கூடத் தோன்றாமல் கட்டில் ஓரத்தில் நின்றார். நர்ஸ் தாளை மறுபடி விரித்தார்.

"சொல்லு தம்பி. ஒண்ணு எது?"

இனி வெட்கப்பட என்ன பாக்கி இருக்கிறது? எல்லாம்தான் தரையில் கிடந்தாயிற்றே.

"கக்கூஸ் சிஸ்டர். நானே போகணும். தனியா. கதவைச் சாத்திக்கிட்டு."

அவர் எழுதினார்.

"ரெண்டு, யூரின். தண்ணி குடிக்கப் பயப்படாம இருக்கணும். மூணாவது வேலை. டைல் கடையில அளவு போட்டுக் கணக்குச் சொல்ற வேலை இருக்குன்னு என்கூட வேலை பாத்தவன் ரெண்டு தடவை வந்து கூப்பிட்டான். கடையில போய் இப்படி ஆச்சுன்னா என்ன பண்றதுன்னுதான் போகலை." அம்மாவைப் பார்த்தான். "அம்மா, நீ போய் அடுப்பைப் பாரேன்."

"அடுப்பு அணைஞ்சு ஒரு மணி நேரமாச்சு" என்றாள் அம்மா. நகரவில்லை.

"சரி, இருந்து தொலை. நாலாவது, கல்யாணம். குடும்பம் நடத்த முடியுமா, என்னென்ன வழி இருக்குன்னு யாராவது நேரா உட்கார்ந்து சொல்லணும். இதுவரைக்கும் ஒருத்தரும் அதைப் பத்தி வாயைத் திறக்கலை."

"சொல்லுவாங்க. டாக்டர்கிட்ட நேரம் வாங்கித் தர்றேன்" என்றார் நர்ஸ், முகத்தில் எந்த மாறுதலும் இல்லாமல். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வலி, தூக்கம், பஸ்ஸில் ஏறுவது, நண்பர்கள் என்று நம்பர்கள் போய்க்கொண்டிருந்தன. நடப்பது என்ற வரி வந்தது.

"ஒன்பது" என்றான்.

"ஒன்பதா?" என்றார் அப்பா.

"ஒன்பதுப்பா."

"அப்போ நான் இத்தனை நாளும்..."

"நீங்க உங்களுக்காக என்னை நிக்க வெச்சீங்க. சாரம் கட்டினது நீங்கதான். அது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். நான் ஒரு நாளாவது அதைச் சொல்லிக் காட்டியிருக்கேனா? நான் எழுந்து நடந்துட்டா அந்தக் கயிறு அவுந்ததே இல்லைன்னு ஆயிடுமா? நடக்கலைன்னா போகுதுப்பா. இன்னமும் என்னைப் பெத்தவ விரல் என் உடம்புக்குள்ள போகுதே, அது எனக்குச் செத்துப் போறதைவிடக் கேவலமா இருக்கு. அரை நாள் வேலை. ரெண்டு வருஷமா அரை நாள் வேலை."

அம்மா அடுப்படிக்குள் போனாள். அணைந்த அடுப்பின் முன்னால் நின்றாள். அப்பா கையுறையோடு முற்றத்துக்குப் போனவர் வெகுநேரம் வரவில்லை.

மறுநாள் காலை உளிச் சத்தம் கேட்டது. அப்பா கதவைக் கழற்றிச் சாய்த்து வைத்துவிட்டு, சுவரில் கரியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அவன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து பார்த்தான்.

"எவ்வளவு?"

"இருபத்தெட்டு."

"பத்தாது. சக்கரத்தைத் தள்ற கை எங்கே போகும்? முட்டி தேய்ஞ்சுடும். முப்பத்து நாலு வைங்க."

"பாத்ரூமுக்கு முப்பத்து நாலா? வாசக்கதவு மாதிரி இருக்கும்டா. பாக்கறவன் சிரிப்பான்."

"சிரிக்கட்டும். அவனா வந்து எனக்குக் கழுவி விடப் போறான்?"

அப்பா கோட்டை அழித்தார். முப்பத்து நாலுக்குப் போட்டார். போட்டுவிட்டு, பழக்கத்தில் மகன் முகத்தைப் பார்த்தார். அவன் ஒரு கண்ணை மூடினான்.

"மேல் பக்கம் ஒரு நூல் சாயுது."

திட்டிக்கொண்டே அதையும் திருத்தினார். அரை நாள் வேலை என்றார்களே, இரண்டு நாள் பிடித்தது. லிண்டல் மாற்றி, வாசல்படியைச் சரிவாகச் செதுக்கி, சுவரில் பிடி வைத்து, பூச்சு காய ஒரு வாரம் விட்டார்கள். அந்த ஒரு வாரமும் அம்மாதான் செய்தாள். ஆனால் அந்த நேரத்தில் அப்பா தெருவுக்குப் போகவில்லை. உள்ளேயே நின்று வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஓங்கரிப்பு மட்டும் அவருக்கு நிற்கவே இல்லை.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை, காலை ஏழு மணிக்கெல்லாம் மாமா வந்துவிட்டார். புதுச் செருப்பு. கையில் ஏதோ எண்ணெய்ப் புட்டி வைத்த பை. இதைத் தடவி ஒருவன் ஓடவே ஆரம்பித்துவிட்டானாம். விடிகாலை பஸ்ஸில் வந்தவருக்கு வயிறு சரியில்லை. பையைக்கூட வைக்காமல் நேராக பாத்ரூமுக்குப் போய்க் கதவைத் தள்ளினார். திறக்கவில்லை. தட்டினார்.

"ஆள் இருக்கேன்!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

மாமா இரண்டடி பின்வாங்கினார். கூடத்தைச் சுற்றி வந்தார், ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார், திரும்பவும் வந்து தட்டினார்.

"மாப்ளே, கொஞ்சம் அவசரம்டா. இன்னும் எவ்வளவு நேரமாகும்?"

"இப்பத்தான் உட்கார்ந்திருக்கேன். முக்கால் மணி நேரமாகும் மாமா."

நாற்றம் கதவிடுக்கில் வந்தது. மாமா கைக்குட்டையைத் தேடினார். அம்மா அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எழுந்து வரவில்லை. அப்பா குழாய்களுக்கு நடுவே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பீடியைப் பற்ற வைத்தார்.

"மச்சான், கொஞ்சம் சொல்லுங்களேன் அவன்கிட்ட."

"என்னத்தைச் சொல்றது? உள்ள ஆள் இருக்குல்ல" என்றார் அப்பா. "அவசரம்னா பக்கத்து வீட்டுல கேளு."

மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டப் போனார்.